ஓ.எம்.ஆர். ரோடும் ஓ.எம்.ஆர். ஷீட்டும்

ஆபீசுல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. (தேடினவங்களுக்கு நன்றி. தேடாதவங்களுக்கு ரெண்டு நன்றி.) இன்னிக்கும் எழுதற ஐடியா இல்லைதான். ஆனா போன ஞாயித்துக்கிழமை ஊர்லேர்ந்து வந்த ஒரு போன் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும் போல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க மக்கா.

போன் பண்ணது தங்கச்சி. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில டெஸ்டிங் வேலை. மாசம் இருபத்திரெண்டாயிரம். லீவுக்கு அருப்புக்கோட்டை வந்திருக்கா.

"அண்ணே, வேலைய விட்டுட்டு குரூப் 2-க்கு படிக்கலாம்னு இருக்கேன். ஒரு வருசம் உக்காந்து படிச்சாப் போதும்ணே."

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அம்மா போனைப் புடுங்கிட்டாங்க. "நீ பட்டது போதாதாப்பா? நீ சொன்னாக் கேப்பா. எடுத்துச் சொல்லு."

நான் என்ன பட்டேங்கிறத முதல்ல சொல்லிடறேன்.

2018-ல இன்ஜினியரிங் முடிச்சு, ஓ.எம்.ஆர். ரோட்டுல ஒரு கம்பெனியில மூணு வருசம் குப்பை கொட்டினேன். 2021 செப்டம்பர்ல பேப்பரைப் போட்டுட்டு, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கப் போறேன்னு கிளம்பிட்டேன். ஓ.எம்.ஆர். ரோட்டுலேர்ந்து ஓ.எம்.ஆர். ஷீட்டுக்கு. சைதாப்பேட்டையில நாலு பேரா ஒரு ரூம். காலையில எட்டு மணிக்கெல்லாம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில ஆஜர். ராத்திரி ஒம்பதுக்கு அவங்க துரத்தினாத்தான் ரூமுக்கு. மூணு வருசத்துல சேத்த காசு ரெண்டரை லட்சம்தான் மூலதனம்.

படிப்பு கஷ்டமா இருந்துச்சான்னு கேட்டா, சத்தியமா இல்ல. சந்தோசமா இருந்துச்சு. ஆறாம் வகுப்புலேர்ந்து பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் ஸ்கூல் புத்தகம். 2018-லேர்ந்து வந்த புதுப் புத்தகம் ஒரு அடுக்கு, பழைய சமச்சீர் புத்தகம் இன்னொரு அடுக்கு. ஸ்கூல்ல மார்க்குக்காக முழுங்கினதையெல்லாம் இருபத்தஞ்சு வயசுல மென்னு தின்னேன். முப்பால், பொய்யாமொழி, வாயுறை வாழ்த்து, உத்தரவேதம், இதெல்லாம் திருக்குறளோட வேற பேருங்கன்னு இன்னிக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பணியாளர் தேர்வாணையங்களைப் பத்திச் சொல்ற அரசியலமைப்புப் பிரிவு 315. பாருங்க, யாரும் கேக்காமலே சொல்றேன் :-)

ஏன் போனேங்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2014-ல பன்னெண்டாவது முடிச்சு கவுன்சிலிங்குக்கு சாதிச் சான்றிதழ் வேணும்னு அலைஞ்சோம். எங்கப்பா தறி ஓட்டுறவர். ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சு. ஒரே ஒரு கையெழுத்துக்கு நாலு நாள் ஒரு அலுவலக வாசல்ல நின்னார். எந்த ஆபீஸ், யாருங்கிறதெல்லாம் வேண்டாம். அஞ்சாவது நாள் கையெழுத்து கிடைச்சது. வெளியே வந்து அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டே சொன்னார்: "இந்த மாதிரி ஒரு நாற்காலியில நீ உக்காந்து, வர்றவன உடனே அனுப்பி வைக்கணும்டா." அவ்வளவுதான். ஐ.டி.யில எத்தனை அப்ரைசல் வாங்கினாலும் அந்த வரி போகவே இல்ல.

அதனால "இன்ஜினியரிங் படிச்சுட்டு குரூப் 4-ஆ, ஹி ஹி"ன்னு லஞ்ச் டேபிள்ல சிரிக்கிற நம்ம ஆளுங்களோட எனக்கு உடன்பாடு கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-ல ஆரம்பிக்குதுன்னு கேட்டா நமக்குச் சின்னதாத் தெரியும். ஆனா பெஞ்சுல உக்காத்தி வெச்சு ஒரு மெயில்ல அனுப்பிடுவாங்களோங்கிற பயம் அங்க இல்ல. அதுக்கும் மேல, எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு யார் சிபாரிசும் இல்லாமத் தொறக்குற கதவுன்னு ஒண்ணு இருந்தா அது இந்தத் தேர்வுதான். மாகாண அளவுல இந்தியாவிலேயே முதல் தேர்வாணையம் அமைஞ்சது நம்ம சென்னை மாகாணத்துலதான், 1929-ல. குரூப் 4-க்கு இண்டர்வியூ கிடையாது. 2024 அறிவிப்புலேர்ந்து குரூப் 2-க்கும் கிடையாது. நீ எழுதினது, உன் மார்க்கு. முடிஞ்சது.

"அதெல்லாம் சரி, 2019-ல என்னாச்சு?"ன்னு கேப்பீங்க. ஆமா, அந்த செப்டம்பர்ல நடந்த குரூப் 4-ல ராமேஸ்வரம், கீழக்கரை மையங்கள்ல முறைகேடு நடந்து, 2020-ல 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டாங்க. அதுக்கப்புறம்தான் விடை தெரியலன்னா 'ஈ'ங்கிற அஞ்சாவது வட்டத்தைக் கருப்பாக்கணும்னு வந்துச்சு. காலியா விட்டுட்டு வந்தாத்தானே வேற எவனாவது நிரப்புவான்? கதவுல ஓட்டை விழுந்துச்சு, அடைச்சாங்க. கதவே பொய்ன்னு நான் சொல்ல மாட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். கதவு நல்ல கதவுதான். வாசல்ல எத்தனை பேர்?

2022 ஜூலை 24 அன்னிக்கு நடந்த குரூப் 4-ஐ எடுத்துக்குங்க. அறிவிச்ச இடம் 7,301. விண்ணப்பம் போட்டவங்க சுமார் 22 லட்சம் பேர். எழுதினவங்க சுமார் 18 லட்சம். அப்புறம் இடத்தை 10,117-ஆ கூட்டினாங்க. அப்பவும் ஒரு நாற்காலிக்கு எழுதினவங்க மட்டும் 170 பேருக்கு மேல. அதுல நானும் ஒருத்தன்.

எனக்கு ரெண்டு மூணு கேள்வியில போச்சு. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். "ஜஸ்ட் மிஸ்ஸு மச்சி, அடுத்த தடவ கண்டிப்பா."

இங்கதான் ஒரு சின்ன கணக்கு. இதை அன்னிக்கே போட்டுப் பாத்திருந்தா ஒரு வருசம் மிச்சம் ஆயிருக்கும். இன்ஜினியர்னு பேரு, ஆனா கணக்கைத் தன் மேல போட்டுப் பாக்குறது மட்டும் வராது.

குரூப் 4-ல 200 கேள்வி. ஒண்ணுக்கு ஒன்றரை மார்க், மொத்தம் 300. அப்படின்னா மார்க்குங்கிறது கிட்டத்தட்ட 200 படி உள்ள ஒரு ஏணி. 18 லட்சம் பேரை அதுல ஏத்தி நிறுத்துங்க. சராசரியா ஒரு படியில 9,000 பேர். மேல போகப் போக கூட்டம் குறையும்தான், நடுவுலதான் நெரிசல். ஆனா மேல் படியிலயும் தனியா யாரும் நிக்க மாட்டாங்க. 'ரெண்டு கேள்வியில போச்சு'ன்னு நான் சொல்லும்போது அதே வரியை அதே நாள் ஆயிரக்கணக்கான பேர் அவங்கவங்க வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்காங்க. அவ்வளவு பேருக்கும் 'அடுத்த தடவ கண்டிப்பா'ங்கிறது நடக்குமா?

'ஜஸ்ட் மிஸ்'ஸுங்கிறது நாம நெருங்கிட்டோம்ங்கிறதுக்கு அடையாளம் இல்ல சாமிகளா. அது நம்மள அந்த ரூமை விட்டு வெளியே விடாம வெச்சிருக்கிற கயிறு. நூறு கேள்வியில தோத்தவன் மறுநாளே வேற வேலைக்குப் போயிடுவான். ரெண்டு கேள்வியில தோத்தவன் ஆறு வருசம் உக்காந்திருப்பான்.

நிறுத்துன்னு சொல்றதுக்கு வெளியிலேர்ந்து விசிலும் கிடையாது. பல பதவிகளுக்கு, குறைஞ்சபட்சத் தகுதிக்கு மேல படிச்ச பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு வயசு வரம்பே இல்ல. அது நல்ல விஷயம், லேட்டாப் படிக்க வந்த எத்தனையோ பேருக்கு வாழ்க்கை குடுத்த விதி. ஆனா என்ன மாதிரி ஆளுக்கு அதோட அர்த்தம் வேற: மேட்ச் எப்ப முடியும்னு நாமளேதான் சொல்லிக்கணும்.

நான் சொல்லிக்கல. அதுதான் நான் பட்டது.

குரூப் 2-வும் அதே வருசம். 2022 பிப்ரவரியில அறிவிப்பு, 5,529 இடம். மே 21-ல முதல்நிலைத் தேர்வு. நவம்பர்ல ரிசல்ட் வந்து, நான் பாஸ். ரூம்ல பிரியாணி! 2023 பிப்ரவரி 25-ல முதன்மைத் தேர்வு. அஞ்சாறு வருசமா கீபோர்டு மட்டுமே தட்டின விரல், மூணு மணி நேரம் பேனா புடிச்சதும் கோணிக்கிச்சு. ரிசல்ட் வந்தது 2024 ஜனவரியில. அறிவிப்புலேர்ந்து கணக்குப் பண்ணா கிட்டத்தட்ட ரெண்டு வருசம்.

ஆணையத்தைத் திட்ட நான் இத எழுதல. கையால எழுதின அத்தனை விடைத்தாளையும் உக்காந்து திருத்தணும், அதுக்கு நேரம் ஆகும். 2024 ஜூன் 9-ல நடந்த குரூப் 4-க்கு அக்டோபர் 28-லயே ரிசல்ட் வந்துடுச்சு, அஞ்சு மாசம்கூட ஆகல. நான் சொல்ல வந்தது என் தப்பு. மெயின்ஸ் எழுதினதுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவுல பத்தரை மாசம். அந்தப் பத்தரை மாசம் நான் ஒழுங்காப் படிக்கவும் இல்ல, வேலைக்குப் போகவும் இல்ல. டெலிகிராம் குரூப்புல கட் ஆஃப் எவ்வளவு வரும்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். கைக்காசு கரைஞ்சதும் அப்பாகிட்ட வாங்க ஆரம்பிச்சேன். அவர் ஓவர்டைம் ஓட்டி அனுப்பினார். "ரிசல்ட் வரட்டும்பா"ன்னு சொல்லிக்கிட்டே வாங்கினேன்.

ரிசல்ட் வந்துச்சு. என் நம்பர் வரல.

திரும்பவும் ஓ.எம்.ஆர். ரோடு. "இந்த ரெண்டரை வருச கேப் எதுக்கு?"ன்னு ஹெச்.ஆர். கேட்டப்ப, "பர்சனல்"னு சொன்னேன். கூடப் படிச்சவன் டீம் லீடா இருக்குற எடத்துல, விட்டப்போ வாங்கின அதே சம்பளத்துல உக்காந்தேன்.

என் ரூம்மேட் ஒருத்தர், தென்காசிப் பக்கம். சாயங்காலம் ஆறுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் வண்டியில சாப்பாடு டெலிவரி பண்ணிட்டு, மிச்ச நேரத்துல படிச்சவர். 2022 குரூப் 4-ல கிடைச்சு, இப்ப இளநிலை உதவியாளர். 'வேலை பாத்துக்கிட்டே படிச்சாத்தான் ஜெயிக்கலாம்'னு இதை நீதிக்கதை ஆக்க மாட்டேன். இன்னொரு ரூம்மேட்டும் அதே மாதிரி கஷ்டப்பட்டார், அவருக்குக் கிடைக்கல. முழுநேரமும் உக்காந்து முதல் தடவையிலயே அடிச்சவங்களையும் எனக்குத் தெரியும். ஆனா டெலிவரி பண்ண ரெண்டு பேரும் ரிசல்ட்டுக்காகக் காத்துக்கிட்டு இருக்கல. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே வண்டிய எடுத்தாங்க. கிடைக்காதவர் இப்ப ஒரு கடையில சூபர்வைசர், எப்பவும் போல ஞாயித்துக்கிழமை படிக்கிறார். அவர் எதையும் இழக்கல. நான்தான் இழந்தேன்.

கோச்சிங் சென்டர் பேனரப் பாருங்க. ஜெயிச்சவங்க போட்டோ வரிசையா இருக்கும். 2022-ல அந்த பேனர்ல இடம் கிடைக்காதவங்க சுமார் பதினெட்டு லட்சம். அவ்வளவு பெரிய பேனர் எங்க அடிக்கிறது? கோச்சிங்தான் வேணும்னா மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வப் பயிலும் வட்டம்னு இலவசமாவே நடத்துறாங்க. அதுக்குன்னு கடன் வாங்காதீங்க.

இதையெல்லாம் மனசுல ஓட்டிப் பாத்துட்டு, தங்கச்சிக்குத் திரும்ப போன் பண்ணி மூணு விஷயம் சொன்னேன்.

ஒண்ணு, வேலைய விடாத. முதல்நிலைத் தேர்வு முழுக்க கொள்குறி வினா, ஸ்கூல் புத்தகம்தான் அடிப்படை. தினம் ரெண்டு மணி நேரம் கொடு. அது பாஸாச்சுன்னா மெயின்ஸுக்கு லீவு போடு. சம்பளம் போனா நான் பாத்துக்கறேன். குரூப் 4-ஐயும் விடாத. நீ பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், அதனால அங்க தமிழ்வழியில் படிச்சவங்களுக்கான 20 சதவீத இட ஒதுக்கீடு உனக்கு உண்டு. குரூப் 2-ல கிடையாது, 2020 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் டிகிரியும் தமிழ்ல படிச்சிருக்கணும்.

ரெண்டு, நிறுத்துற தேதிய இப்பவே எழுது. ரெண்டு கேள்வியில போச்சுன்னாலும் அந்தத் தேதி மாறக் கூடாது.

மூணு, பரீட்சை எழுதின மறுநாள் ஆபீஸ் போ. காத்திருக்கிறது படிப்பு இல்ல.

நல்லாத்தானே சொன்னேன்? எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னா:

"மாப்ள பாக்க ஆரம்பிச்சிட்டாங்கண்ணே. வேலைக்குப் போறேன்னு சொன்னா 'கல்யாணத்துக்கு அப்புறமும் போலாம்'ங்கிறாங்க. படிக்கிறேன்னு சொன்னாத்தான் ரெண்டு வருசம் விடுவாங்க."

அவ்வ்வ்வ்.

ஏணி, 9,000 பேர், கட் ஆஃப்னு நான் போட்ட கணக்கெல்லாம் ஒரு ஓரமாப் போய் உக்காந்துடுச்சு. அவ கேட்டது நாற்காலி இல்ல. ரெண்டு வருசம் அவகாசம்.

ராத்திரி பூரா யோசிச்சதுல தோணினது இதுதான். நம்ம ஊர்ல 'என்ன பண்றே?'ன்னு கேட்டா, மறுகேள்வி வராத பதில் ஒண்ணுதான் இருக்கு: "படிச்சிட்டிருக்கேன்." வேலை போனவனுக்கு அது பதில். பிடிக்காத வேலைய விட்டவனுக்கு அது பதில். கல்யாணம் இப்ப வேண்டாம்னு சொல்ல முடியாத பொண்ணுக்கு அது பதில். அந்தப் பத்தரை மாசம் எனக்கும் அதுதான் பதிலா இருந்துச்சு. அந்த 18 லட்சத்துல எத்தனை பேர் நாற்காலிக்காக வந்தவங்க, எத்தனை பேர் அந்த ஒரு வார்த்தையோட நிழலுக்காக வந்து நிக்கிறவங்கன்னு எந்த ஓ.எம்.ஆர். ஷீட்டும் சொல்லாது. நிழல்ல நிக்கிறது தப்புன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா அந்த நிழலுக்கு வாடகை உண்டு. வாடகைய நம்ம வயசுல கட்டுறோம், இல்லன்னா அப்பாவோட ஓவர்டைம்ல கட்டுறோம்.

அதனால என் கருத்து இதுதான்: தேர்வுக்குப் படிக்கிறவங்கள்ல ரெண்டு ரகம் இருக்கு. நாற்காலி வேணும்னு படிக்கிறவங்க, வேற எதையோ தள்ளிப் போடப் படிக்கிறவங்க. நாம எந்த ரகம்னு நமக்கு மட்டும்தான் தெரியும். அத முதல் நாளே ஒத்துக்கிட்டா, தள்ளிப் போட வேண்டியத நேராவே தள்ளிப் போடலாம். அதுக்கு ஒரு வேலையப் பலி குடுக்க வேண்டியதில்ல.

திங்கக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு போன் போட்டேன். தேர்வைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "ரெண்டு வருசத்துக்குப் பாப்பாவுக்கு மாப்ள பாக்க வேண்டாம்ப்பா"ன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. பின்னாடி தறிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லப்பா. நானா சொல்றேன்."

"அம்மாட்ட பேசிச் சொல்றேன்."

இன்னும் சொல்லல. தங்கச்சி இன்னிக்கு வரைக்கும் வேலைய விடல. நிறுத்துற தேதி எழுதிட்டியான்னு நேத்து கேட்டேன். "எழுதிட்டேன். ஆனா உன்கிட்ட சொல்ல மாட்டேன்"ன்னுட்டா. சரிதான். அது அவ மேட்ச், விசில் அவ கையில இருக்கட்டும்.

டிஸ்கி 1: இது அறிவுரைப் பதிவு இல்ல. பாஸானவங்க சொல்றதுதான் அறிவுரை. ஃபெயிலானவன் சொல்றது புலம்பல்.

டிஸ்கி 2: இப்பவும் குரூப் 4 வந்தா எழுதத்தான் போறேன். ஞாயித்துக்கிழமைதானே... அன்னிக்கு ஆணி கிடையாது :-)